மஞ்சள் பார்க்கும் கல்பனா

மோதிர விரலால் மஞ்சளைத் தொட்டு, வெள்ளை அட்டையின் மூலையில் ஒரு தீற்று. அந்த அட்டையைத் தூக்கிக் கணினித் திரையோடு ஒட்டிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பார்வை. வலது கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு பார்வை. அட்டையில் இருக்கும் மஞ்சளும் திரையில் இருக்கும் மஞ்சளும் அக்கா தங்கை அல்ல, ஒருத்தியேதான் என்று தெரிந்த பிறகுதான் கல்பனா கீபோர்டைத் தன் பக்கம் இழுப்பாள். அதுவரை கல்யாண வீட்டார் பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான். அவசரப்படுத்தினால், “இரு நைனா, மஞ்ச எழுந்திருக்கட்டும்” என்பாள், ஏதோ அது இன்னும் போர்வைக்குள் கிடப்பது போல.

திருத்தணியில் மலைப்படிக்குப் போகும் தெருவில், தேங்காய்க் கடைக்கும் வாடகைப் பாத்திரக் கடைக்கும் நடுவில் இருக்கிறது ஆதிகேசவனின் அச்சகம். பாதி அறை அச்சு இயந்திரத்துக்கு, மீதி அறை கல்பனாவுக்கு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று எந்தப் பத்திரிகையானாலும் அவள் கையால் வடிவம் பெற்றுத்தான் அச்சுக்குப் போகும். கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது மகள் கயல்விழி கல்லூரிக்குப் போகிறாள். பெண் இந்தப் பக்கம், பிள்ளை ஆந்திரா பக்கம் என்றால் பத்திரிகை ஒரு புறம் தமிழிலும் மறுபுறம் தெலுங்கிலும் இருக்கும். கல்பனாவின் பேச்சும் அப்படித்தான். தமிழில் ஆரம்பித்த வசவைத் தெலுங்கில் முடித்துவிட்டு, இரண்டு வீட்டாருக்கும் சேர்த்து டீ சொல்லிவிடுவாள்.

இந்த மஞ்சள் பரிசோதனைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இங்கே பலரும் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையை மலைக்கு எடுத்துப்போய் முருகன் முன்னால் வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். அச்சடித்த மஞ்சள் கரை கொஞ்சம் பிசகினாலும், பக்கத்திலேயே இருக்கும் அசல் மஞ்சள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தன் சாப்பாட்டுப் பைக்குள், ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில், குழைத்த மஞ்சளும் ஒரு சின்ன டப்பாவில் வைத்திருப்பாள். ஒருநாள் இரண்டும் கலந்து போய், அன்றைக்கு ஒரு வீட்டுப் பத்திரிகை மூலையில் எலுமிச்சை ஊறுகாய் மணந்தது என்று ஆதிகேசவன் இன்னமும் சொல்லிச் சிரிப்பார். கல்பனா மறுக்கமாட்டாள்.

அவளிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆதிகேசவன் வாங்கிப் போட்ட சுழல் நாற்காலியில் அவள் ஒரு நாளும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. முதுகு சாயும் பகுதியில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அதன் மேல் அவள் கைப்பை தொங்கும். கேட்டால், “சாஞ்சா தூக்கம் வந்துரும்” என்பாள். உண்மை வேறு. அவளுக்கு முன்பு அங்கே வேலை பார்த்த நெட்டை ஆளுக்காக மானிட்டரை இரண்டு காகிதக் கட்டுகளின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். ஆள் போய்விட்டான், கட்டுகள் போகவில்லை. கிட்டத்தில் பார்க்கக் கீழே ஒரு துண்டு வைத்த கண்ணாடியைக் கல்பனா போட ஆரம்பித்த பிறகு, முன்னால் குனிந்து, மோவாயைத் தூக்கி, கண்ணாடியின் அந்தக் கீழ்த் துண்டு வழியாக அண்ணாந்து பார்த்தால்தான் எழுத்து தெரியும். சாயங்காலம் கழுத்து கட்டையாகிப் போகும். வீட்டுக்காரர் முருகவேல் தைலம் தேய்த்துவிடுவார். அதை வேலையின் ஒரு பகுதி என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வைகாசியில்தான் அந்தச் சங்கடம் வந்தது. நகரிப் பக்கத்துக்காரர் ஒருவர், மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து வாங்கிப் போனார். மறுநாளே கட்டோடு திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு பத்திரிகையின் மூலையில் மஞ்சளைத் தடவி மேஜை மேல் வைத்துவிட்டு நின்றார். மஞ்சளாக இருக்க வேண்டிய கரை மாங்காய் நிறத்தில் இருந்தது. திரையில் மஞ்சள் சிவந்து தெரிகிறதே என்று கல்பனாதான் சிவப்பைக் குறைத்திருந்தாள். அச்சில் அது பச்சை தட்டிவிட்டது. ஆதிகேசவன் முழுவதையும் மறுபடி அடித்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. எந்தப் பத்திரிகையானாலும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வருவார். குறை சொல்லமாட்டார். வெறுமனே போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் திட்டியிருந்தால் கல்பனா பதிலுக்கு நான்கு வார்த்தை சொல்லி ஆறியிருப்பாள். அந்த நாலடி தூர நடைதான் அவளைக் குத்தியது. கண் மருத்துவரிடம் போனாள். வயதுக்குத் தக்கபடி கண் நன்றாகவே இருக்கிறது என்று அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. பத்திரிகை பச்சையாக வந்ததை அவர் பார்க்கவில்லையே.

“ஆடி முடிஞ்சதும் நான் நின்னுக்கிறேண்ணா” என்று ஒரு மத்தியானம் சொல்லிவிட்டாள். “கண்ணு போச்சி. உங்க தொழிலக் கெடுத்துகினு நான் இன்னாத்துக்கு உக்காந்துகினு கீறேன்?”

ஆதிகேசவன் “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். அதற்கு மேல் பேச அவருக்குத் தெரியாது. செய்யத்தான் தெரியும். அடுத்த வாரமே சென்னைக்குப் போய், கண் போனவளுக்குப் பெரிதாக வேண்டும் என்று கணக்குப் போட்டு, கடையில் இருந்ததிலேயே பெரிய மானிட்டராகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்பக்கமாக வளைந்த திரை. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் வாங்குகிற ரகம். அட்டைப் பெட்டியை ஆட்டோவிலிருந்து மாப்பிள்ளை மாதிரி கைத்தாங்கலாக இறக்கினார். சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, “போடும்மா” என்று சுவிட்சை அவளையே போடச் சொன்னார். கல்பனா போட்டாள். போகிறேன் என்று சொன்னவளுக்கு யார் இப்படிச் செய்வார்கள்? “ரொம்ப நல்லா கீதுண்ணா” என்றாள்.

அந்த வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். திரை மேஜையை அடைத்துக்கொண்டு நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்க்கத் தேர் பார்ப்பது போல் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. நிறங்களை எல்லாம் அது கொஞ்சம் கூட்டியே காட்டியது. மஞ்சள் கேசரி போல் ஜொலித்தது. அதையெல்லாம் விட, முன்பு எட்டிப் பார்த்தால் ஒரு தலைக்குத்தான் இடம் இருக்கும். இப்போது பெஞ்சில் இருந்தபடியே மொத்தக் குடும்பமும் பார்த்தது. சித்தப்பா பெயரை மேலே போடச் சொல்லி ஒருவர், பிள்ளையார் முகம் வாட்டமாக இருக்கிறது என்று ஒருவர், மாப்பிள்ளையின் படிப்பைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி ஒரு அத்தை. ஆடிக் கிருத்திகைக்கு வந்த காவடிக்காரர்கள்கூட ஒதுங்கி நின்று, யாருடையதோ ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

இவ்வளவையும் கல்பனா வாய் திறக்காமல் சகித்தாள். ஆசையாக வாங்கி வந்தவரிடம் எப்படிச் சொல்வது? அதோடு, இந்தத் திரையிலும் மஞ்சள் சரியாகத் தெரியவில்லை என்றால் கண் போனது உறுதிதானே என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். காட்டிக்கொடுத்தது அவள் வைத்திருந்த இரும்பு ஸ்கேல்தான். பத்திரிகையின் கரை வளைந்து தெரிகிறதே என்று ஒருநாள் ஸ்கேலைக் குறுக்காகத் திரை மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு முனையும் தொட்டது, நடுவில் சந்து. பின்னாலேயே நின்றிருந்த ஆதிகேசவன் வந்து, அந்தச் சந்துக்குள் தன் விரலை நுழைத்தார். விரல் சுலபமாகப் போய் வந்தது.

“சொல்றதுக்கு இன்னா?” என்றார்.

“நீங்க ஆசையா வாங்கினு வந்தீங்கண்ணா.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: “ஒக்கார்றவ நீ. கழுத்து உன்னுது, கண்ணு உன்னுது. நான் போய் வாங்கினு வந்தேன் பாரு. உன் செருப்ப நான் போட்டுப் பாத்து வாங்குவனா?”

கிருத்திகைக் கூட்டம் வடிந்ததும் இருவரும் ரயிலேறி அரக்கோணத்துக்குப் போனார்கள். அங்கே டில்லிபாபு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். அவருடைய கல்யாணப் பத்திரிகை கல்பனா வடிவமைத்ததுதான். கல்பனா மஞ்சள் டப்பா, ஸ்கேல், பழைய பத்திரிகைகள் இரண்டு, அவற்றை ஏற்றிய பென் டிரைவ் என்று பையை நிரப்பிக்கொண்டு போயிருந்தாள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு ஏற்பாடாகப் போவதில்லை. டில்லிபாபு வரிசையாக மானிட்டர்களைப் போட்டுக் காட்டினார். அவள் ஒவ்வொன்றிலும் ஒரே பத்திரிகையைத் திறக்கச் சொல்லி, மஞ்சள் தீற்றிய அட்டையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்கு வந்த மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். “நீ சாவகாசமா பாருக்கா” என்றார் டில்லிபாபு. “எங் கல்யாணத்துக்கு எங்கம்மா எத்தினி வாட்டி மாத்தச் சொல்லிச்சி. நீ மூஞ்சி சுளிச்சியா?”

மூலையில் ஒரு பழைய ரகத் திரை இருந்தது, அச்சகத்தில் அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது போலவே. நிற்கிறவர் கண் உயரத்தில், ஓர் அலமாரி மேல். கால் வலிக்கிறதே என்று முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, வழக்கம்போல மோவாயைத் தூக்கி அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் சிவந்திருந்தது. எழுந்து நின்றாள். சிவப்பு போய்விட்டது. மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி சிவந்தது. கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். அவள் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அதிலிருந்த மஞ்சள் மட்டும் மாறவேயில்லை. இப்படி அவள் எழுந்து எழுந்து உட்கார்வதைப் பார்த்து ஆதிகேசவன் பயந்துபோய் அருகில் வந்தார்.

“அண்ணா, கண்ணு போகல” என்றாள். “எங் கண்ணு ஒண்ணும் ஆகலண்ணா. கீழேர்ந்து பாத்தா அதுதான் மாறுது.”

சொல்லிவிட்டு, கடைக்கு நடுவில், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆதிகேசவன் என்ன செய்வது என்று தெரியாமல் மஞ்சள் டப்பாவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு தேர்வு சீக்கிரம் முடிந்தது. நேராக, ஓரமாக, மேலே, கீழே என்று எங்கிருந்து பார்த்தாலும் மஞ்சள் மாறாத திரை இரண்டு இருந்தன. அதில் ஒன்று வழவழவென்று, டியூப் லைட்டையும் அவள் முகத்தையும் சேர்த்துக் காட்டியது. அது வேண்டாம் என்று ஒதுக்கினாள். மற்றது பளபளப்பில்லாதது, தெலுங்கின் சின்னச் சுழிகள்கூட அடைபடாமல் தெரிந்தன. அதைக் கண்ணுக்கு நேராக இறக்கிக்கொள்ளலாம். டில்லிபாபு அதைப் பிடித்துத் திருப்பி உயரவாக்கில் நிறுத்தியதும், ஒரு பத்திரிகை முழுவதும் தலையிலிருந்து கால்வரை கையில் பிடித்தது போல் தெரிந்தது. பெரியதைவிட இது எவ்வளவோ சின்னது. விலை மட்டும் சின்னதில்லை. ஆதிகேசவன் ஒரு தடவை பெருமூச்சு விட்டார். பிறகு, “அவங்க கேட்டத கட்டுப்பா” என்றார்.

வளைந்த பெரிய திரையும் வீணாகவில்லை. அது இப்போது வாசல் பக்கம் மாதிரிப் பத்திரிகைகளைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சித்தப்பாக்களும் அத்தைகளும் யோசனை சொல்வதெல்லாம் அதனிடம்தான். காகிதக் கட்டுகள் இரண்டும் அச்சுக்குப் போயின. கழுத்துத் தைலத்துக்கு வேலை குறைந்துவிட்டதில் முருகவேலுக்கு மகிழ்ச்சி. கல்பனா ஒரு செவ்வாய்க்கிழமை படியேறி மலைக்குப் போய் வந்தாள். கண்ணைத் திருப்பிக் கொடுத்ததற்காக முருகனுக்கு நன்றி சொன்னதாகவும், அப்படியே அண்ணன் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்ததாகவும் மகளிடம் சொன்னாள். ஆதிகேசவனிடம் விபூதியை மட்டும் நீட்டினாள். “யாருக்கு வேண்டுதல்?” என்று அவர் கேட்டதற்கு, “ஆங், ஒருத்தருக்கு” என்று முடித்துக்கொண்டாள்.

ஆவணி பிறந்து வந்த முதல் வேலைகளில் ஒன்று, அந்த நகரிக்காரருடையது. இளைய மகளுக்குக் கல்யாணம். வேறு அச்சகம் தெரியாமல் அவர் வரவில்லை. வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மஞ்சள் எழுந்திருக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். அச்சில் முதல் பிரதி விழுந்ததும் ஆதிகேசவன் எடுத்தார். பழக்கத்தில் வாசல் பக்கம் ஓரடி வைத்தார். அப்படியே திரும்பி, பார்க்காமலேயே, அதை நகரிக்காரர் கையில் கொடுத்துவிட்டார். அவர் மூலையில் மஞ்சளைத் தடவிப் பார்த்துவிட்டு, பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் போன பிறகு ஆதிகேசவன் மை துடைத்த துணியை மடித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“ஆடி போயிடுச்சே கல்பனா. நின்னுக்கிறேன்னு சொல்லிகினு இருந்தியே, இன்னா முடிவு?”

கல்பனா எழுந்து, நாற்காலியில் தொங்கிய கைப்பையை எடுத்துச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். நாற்காலி முதுகில் இருந்த பிளாஸ்டிக் உறையின் ஒரு முனையைப் பிடித்துச் சரசரவென்று கிழித்து, சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு உட்கார்ந்து, முதுகு முழுக்கப் படியும்படி நன்றாகச் சாய்ந்துகொண்டு, அடுத்த அட்டையின் மூலையில் மஞ்சளைத் தீற்றினாள்.