விக் வைக்காமல் போன இன்டர்வியூ

போன வாரம் ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்கு மொட்டைத் தலையோடு போய்விட்டு வந்தேன்.

இப்படிச் சொன்னதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ஐயோ பாவம், இந்தம்மாவுக்கு உடம்புக்கு என்னவோ... அதுதானே? அவர்களுக்கும் அதேதான் தோன்றியது.

குழந்தைக்காக வேலையை விட்டதையும், மறுபடி பிசினஸ் அனலிஸ்ட் வேலை தேடுவதையும் இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். ரெஸ்யூமே அனுப்புவேன். பதிலே வராது. நடுவில் இடைவெளி விழுந்த பெண் என்றால் கம்பெனிகளுக்கு அப்படி என்ன பயமோ! ஒருநாள் வெறுத்துப்போய், மொட்டை மாடியில் நின்று எங்கள் ஊர் முருகன் மலையைப் பார்த்துச் சொன்னேன் – முருகா, ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் போதும், முடி கொடுக்கிறேன்.

கூப்பிட்டுவிட்டார்கள்!

என் வீட்டுக்காரர் – எனக்குப் பாவா – பதறினார். "வேலை கெடச்சப்புறம் குடுத்துக்கலாமே. முருகர் எங்க போயிடப் போறாரு? மலை மேலதான இருக்கப் போறாரு?"

"கூப்ட்டா குடுக்கறேன்னு சொன்னேன் பாவா. கூப்ட்டாங்க. குடுக்கணும்."

"வேலை கெடச்சா குடுக்கறேன்னு வேண்டிக்கறதுக்கு இன்னா உனக்கு?"

நியாயமான கேள்வி. அடுத்தவருக்கு என்ன தேவை என்று துருவித் துருவிக் கேட்டு எழுதுவதுதான் என் தொழில். சொந்த வேண்டுதலில் கோட்டை விட்டுவிட்டேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை மலையேறி, முடி கொடுத்து, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினேன்.

முதல் ரவுண்டு வீடியோவில். நன்றாகவே போனது. முடிந்ததும் ஹெச்.ஆர். பெண் தனியாக ஃபோன் செய்தாள்.

"மேம், ஹெல்த் எல்லாம் ஓகேதானே?"

"ஜம்முன்னு இருக்கேங்க. எங்க ஊரு திருத்தணி. வேண்டுதல்."

"ஓ... சூப்பர் மேம். ஆனா இது க்ளையன்ட்டை நேர்ல மீட் பண்ற ரோல். ஃபைனல் ரவுண்டுக்கு ஒரு விக் வெச்சுக்கிட்டு வந்தீங்கன்னா நல்லாருக்கும்."

சுருக்கென்றது. எனக்கு அந்த வேலை வேண்டும். ரொம்பவே வேண்டும். சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தடுமாறியது உண்மை. அப்புறம் தொழில்புத்தி விழித்துக்கொண்டது.

"இது யாரோட தேவைங்க? க்ளையன்ட் கேட்டாரா?"

"இல்ல மேம்... அவங்க ஏதாவது நினைச்சுக்கப் போறாங்களேன்னு..."

"அவங்க ஒண்ணும் கேக்கல. நீங்களா நெனச்சுகினு இருக்கீங்க. நான் இப்படியேதான் வருவேங்க."

ஃபைனல் ரவுண்டு சென்னையில். பாவா என் கையில் ஒரு ஷாலைத் திணித்தார். அது பையிலேயே கிடந்தது. ட்ரெயினில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருத்தணி ட்ரெயினில் மொட்டை என்ன அதிசயமா? கம்பெனி லிஃப்ட்டில்தான் எல்லோரும் திடீரென்று கூரையை ஆராய ஆரம்பித்தார்கள்.

உள்ளே மூன்று பேர். ஓரத்தில் அந்த ஹெச்.ஆர். பெண். நடுவில் இருந்தவர் கேட்டார்: "மத்தவங்க சும்மா ஊகிச்சு எழுதின ஒரு தேவையை நீங்க கேள்வி கேட்ட அனுபவம் இருக்கா?"

பிசினஸ் அனலிஸ்ட் இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்விதான். பழைய ப்ராஜெக்ட் கதை ஒன்றை மனப்பாடமாக வைத்திருந்தேன். அதைத் தூக்கி ஓரமாகப் போட்டேன்.

"இருக்குங்க சார். முந்தாநாள்தான்."

விக் கதையைச் சொன்னேன். யார் கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண் லேப்டாப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சரி... அந்தத் தேவையை என்ன பண்ணீங்க?"

"ரிஜெக்ட் பண்ணிட்டேங்க."

யாரும் சிரிக்கவில்லை. வேலைக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன் என்று நினைத்தபடிதான் வெளியே வந்தேன். போனால் போகட்டும்! 'அவங்க என்ன நெனப்பாங்க' என்று பெண்களை மிரட்டுகிறவர்கள் அந்த 'அவங்க'ளை ஒருநாளாவது கேட்டிருக்கிறார்களா?

நேற்று மெயில் வந்தது. செலக்டட்! ஐடி கார்டுக்கு ஒரு போட்டோ அனுப்ப வேண்டுமாம். நீளப் பின்னலோடு எடுத்த பழைய போட்டோ ஒன்று அம்சமாக இருக்கிறது.

மலையிலிருந்து இறங்கிய கையோடு எடுத்ததைத்தான் அனுப்பினேன் – சந்தனத்தோடு.