துரைக்குப் பழக்கமில்லாத வார்த்தை

நாயை வீட்டுக்குள் ஒழுங்காக இருக்கப் பழக்கும் வேலையில் சங்கிலி நம் கையில் இருக்கும். அதிகாரம் எல்லாம் நாயிடம் இருக்கும். புதுக் குட்டி வாங்கிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாகக் கிழிந்த துணியோடு அதன் பின்னால் அலையும் நண்பர்களே, உங்களுக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை. என் கதையைக் கேட்டு, உங்கள் பாடு தேவலை என்று ஆறுதல் அடைந்தால் போதும்.

ரப்பர் விலை படுத்துவிட்ட முப்பதுகளின் தொடக்கம் அது. கடல் தாண்டிப் பிழைக்க வந்த பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ரயில்வே இன்ஜினியர் துரையின் பங்களாவில் நான் தோட்டக்காரன். பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறை. என் மனைவி அஞ்சலைக்கு ஐந்தாம் மாசம். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் வேலை போனவர்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையின் அண்ணன் குடும்பம் அப்படிப் போய், அங்கே சாப்பாட்டுக்கே தவிப்பதாகக் கடிதம் வந்திருந்தது. ஆகவே துரைசாணி ஒரு நாயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது நான் மறு பேச்சுப் பேசவில்லை.

பெயர் ராசி

பெக்கினீஸ் என்று சொல்லும் சீன ஜாதி நாய். தட்டை மூக்கு, தரையைப் பெருக்கும் ரோமம், அக்குளில் இடுக்கிக்கொள்ளும் அளவு உடம்பு. துரைசாணி அதற்கு ‘டியூக்’ என்று பெயர் வைத்தார். எங்கள் வாயில் அது ‘தூக்கு’ ஆகிவிட்டது. நாற்காலி, பூந்தொட்டி, துரையின் கோல்ஃப் பை என்று கண்ட இடத்திலெல்லாம் அது காலைத் தூக்கும். நான் வாளியும் துணியுமாக ஓடுவேன், திட்டிக்கொண்டே துடைப்பேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அஞ்சலை சொன்னாள்:

“காலையிலேருந்து தூக்கு, தூக்குன்னு நீங்கதான் கத்துறீங்க. அது தூக்குது. அப்புறம் அதை ஏன் ஏசுறீங்க?”

துரையின் தமிழ்

கிள்ளான் பாதையில் தண்டவாளம் போட்ட காலத்தில் கூலிகளை விரட்டிக் கற்ற தமிழ் துரையுடையது. வா, போ, எடு, சீக்கிரம். இவற்றில் ‘சீக்கிரம்’தான் அவருக்கு உயிர். அரசாங்கப் பரீட்சைக்காக ஒரு தமிழ்ப் புத்தகமும் படித்திருந்தார். அதில் மரியாதைச் சொற்கள் இருந்த பக்கங்களை அவர் திருப்பியதாகத் தெரியவில்லை.

வந்த நாலாம் நாள் தூக்கு, நடுக்கூடத்துப் புதுக் கம்பளத்தை நனைத்தது. துரை என்னைக் கூப்பிட்டு, ஈரத்தைக் காட்டி, ஒரு விரலை நீட்டினார்.

“இது ஒண்ணு. கம்பளம் மூணு தரம் ஆச்சு, நாய் இங்கே. நீ கப்பல்.”

ரம்புத்தான் மரத்தடி

அன்று முதல் எனக்குத் தோட்ட வேலை இரண்டாம்பட்சம். நாய் சாப்பிட்டதும் ஒரு தரம், தூங்கி எழுந்ததும் ஒரு தரம், ரம்புத்தான் மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும். ஈரப் புல்லில் பாதம் பட்டால் சீமாட்டி மாதிரி முகம் சுளிக்கும். நான் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு, நனைந்தபடி, “சீக்கிரம்டா, சீக்கிரம்” என்று கெஞ்சுவேன். காரியம் முடிந்தால் கோழி ஈரல் ஒரு துண்டு.

மூன்றே வாரம். ‘சீக்கிரம்’ என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கால் மேலே போயிருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈரல் கொடுத்து உதவிய சமையல்கார ஆ செங், கெட்டிக்காரர்களைப் ‘பாண்டாய்’ என்பான். அந்தப் பட்டத்தை எனக்குத் தருவான் என்று எதிர்பார்த்தேன்.

“பாண்டாய் லா இந்த நாய். நீ ஒரு தரம் சொன்னா கேக்குது. உனக்கு நான் பத்துத் தரம் சொல்லணும்.”

இரண்டாம் விரல்

அந்த வாரமே ஒரு சாயங்காலம். துரை கூடத்தில் உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் திரும்பி, “டீ, சீக்கிரம்” என்று கத்தினார். கம்பளத்தில் படுத்திருந்த தூக்கு எழுந்தது. பணிவாகக் காலைத் தூக்கியது. துரை இரண்டாவது விரலை நீட்டினார்.

மறுநாள் காலை வராந்தாவில், “பூட்ஸ், சீக்கிரம்” என்றார். தூண் நனைந்தது. அவர் திரும்புவதற்குள் துடைத்துவிட்டேன். நாய் தப்புச் செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்கிறது. அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று துரையிடம் யார் போய்ச் சொல்வது? அறைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அஞ்சலை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அந்த மனுசனுக்குத் தெரிஞ்சதே நாலு வார்த்தை. அதுல ஒண்ணைப் பிடுங்கி நாய்க்குக் குடுத்திருக்கீங்களே.”

மாற்று ஏற்பாடு

துரை வாயிலிருந்து எந்தக் காலத்திலும் வராத வார்த்தை ஒன்று வேண்டும். அஞ்சலை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “தயவுசெய்து” என்றாள்.

பழைய பாடத்தை மறக்கடிக்க ஒரு மாசம் பிடித்தது. அதுவரை துரை ‘சீக்கிரம்’ சொல்ல இடமே கொடுக்கக் கூடாது. அவர் வாயைத் திறக்குமுன் ஆ செங் டீயோடு நிற்பான், நான் பூட்ஸோடு நிற்பேன். வேலைக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று துரைக்கு ஏகத் திருப்தி. மரத்தடியில் புதுப் பாடம் நடந்தது. நான் குடையோடு குனிந்து, “தயவுசெய்து, தயவுசெய்து” என்பேன். அதைப் பார்த்துவிட்டு வேலியோரம் சைக்கிளை நிறுத்தினார் தபால்காரர்.

“ஏன் அண்ணே, துரையைக் கும்பிடுறது பத்தாதுன்னு இப்போ அவரு நாயையுமா கும்பிடுறீங்க?”

மூன்றாம் விரல்

நாயின் ஒழுக்கம் பற்றிய பேச்சு ஊரில் பரவியது. பக்கத்து பங்களா துரைசாணி இரண்டு குட்டிகளை வைத்துக்கொண்டு படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். என்னைக் குடும்பத்தோடு அங்கே அனுப்பச் சொல்லி ஆள் விட்டார். எங்கள் துரைசாணி பதறிப்போனார். துரை என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். தூக்கு அவர் காலடியில் இருந்தது.

“நீ இரு” என்றார். துரைசாணி அவரை முறைத்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை மேல்கூரையைப் பார்த்தார். படிக்காமல் விட்டதாக நான் நினைத்திருந்த பக்கத்தை மனசுக்குள் தேடினார் போலிருக்கிறது. கழுத்தெல்லாம் சிவந்தது.

“தயவுசெய்து... இருங்கள்.”

அத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தூக்கு எழுந்து, துரையின் வலது பூட்ஸில் காலைத் தூக்கியது.

எனக்குக் கப்பல் கண்ணில் தெரிந்தது. மாசமாக இருக்கும் அஞ்சலையை எப்படி ஏற்றி இறக்குவது என்றுகூட யோசித்துவிட்டேன். துரை பூட்ஸைப் பார்த்தார். கம்பளத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார். பாதி நீட்டிய மூன்றாவது விரலை மடக்கினார்.

“கம்பளம் இல்லே. பூட்ஸ். மூணு இல்லே. துடை, சீக்கிரம்.”

நான் நாயைப் பார்த்தேன். அது அசையவில்லை.

பிறகு எட்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். துரை தம் ஆயுளில் ஒரே ஒரு தடவை எனக்கு மரியாதை கொடுத்தார், இனி அதைக் கொடுக்கவே கூடாது என்று அவரையும் பழக்கிவிட்டவன் நான்தான்.