ஒரே பெட்டி, இரண்டு வீடு

தையலக்காவுக்குக் கோபம் வந்தால் தையல் மிஷின் ஓடுகிற வேகத்திலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும். அந்த வாரம் முழுக்க மிஷின் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் டிவி. ஊரில் பழைய கேபிளை நிறுத்திவிட்டு எல்லாரையும் டிஜிட்டலுக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். செட்டாப் பெட்டி வைக்காத வீட்டில் வெறும் புள்ளியும் இரைச்சலும்தான். தையலக்கா வீட்டுக்கும் கேபிள்காரர் வந்து ஒரு பெட்டியை மாட்டி, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். படம் பளிச்சென்று வந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் காலர் கோணலாகத் தைத்திருப்பதுகூடத் தெரிந்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பக்கத்தில் இருப்பவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி மனைவி. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வீடாக இருந்தன. மாமியார் இல்லாத வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள் தையலக்கா. வந்த மறுநாளே பீரோ சாவி அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. யார் முதலில் குளிப்பது, எந்த விளக்கை எப்போது அணைப்பது எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். பிறகு வந்த சின்னவள் ஒரு வாயாடி. சின்ன விஷயத்துக்கெல்லாம் கெக்கெக்கென்று சிரிப்பாள். "பல்லைக் காட்டாம வேலையைப் பாருடி" என்று அதட்டிவிட்டு, தையலக்கா அந்தப் பக்கம் திரும்பித் தானும் சிரித்துக்கொள்வாள்.

மாமனார் போன பிறகு வீட்டைப் பிரித்தார்கள். இந்தக் குடம் உனக்கு, அந்த அண்டா எனக்கு என்று தையலக்கா எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது சின்னவள் சட்டென்று சொல்லிவிட்டாள். "கடைசி நாள்லயும் ஆர்டர்தானா? உங்களுக்கு ஆர்டர் போட்டே பழகிடுச்சு."

அவ்வளவுதான். கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது, பேச்சு நின்றது. அண்ணனும் தம்பியும் என்னவோ ஒரே பட்டறையில் வேலை செய்து, ஒரே வண்டியில் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். பெண்கள் இருவரும்தான் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால், சின்னவள் சிரிப்பு இல்லாமல் தையலக்காவுக்கு வீடு வெறிச்சென்றிருந்தது. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு வாசல்படி ஏற மனசு வரவேண்டுமே!

பெட்டி வந்த நாளிலிருந்துதான் அந்தக் கூத்து. இங்கே செய்தி வைத்தால் சுவருக்கு அந்தப் பக்கமும் செய்தி. பாட்டுக்கு மாற்றினால் அங்கேயும் பாட்டு. சோதித்துப் பார்க்க ஆடு வளர்ப்பு நிகழ்ச்சியை வைத்தாள். அங்கேயும் ஆடு கத்தியது.

"பாத்தீங்களா? வேணும்னே எனக்குப் பழிப்புக் காட்டுறா!" என்று கணவரிடம் பொரிந்தாள்.

"அவ டிவி, அவ பாக்கறா. ஆட்டுக்கும் நீதான் லைசன்ஸ் குடுக்கணுமா?" என்றார் அவர். மிஷின் இன்னும் வேகமாக ஓடியது.

மறுநாள் தெருவில் போன கேபிள்காரரைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். கதையைக் கேட்டதும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, பழைய கேபிள்னா ஒரே ஒயர்ல ரெண்டு வீட்லயும் வேற வேற சேனல் பாக்கலாம். இதுல முடியாது. பெட்டி ஒண்ணுதான். நீங்க எதை வைக்கிறீங்களோ அதுதான் அங்கயும் வரும். அன்னைக்கே கேட்டேனே, ரெண்டு பக்கமும் ஒரே குடும்பம்தானே, அந்தப் பக்கம் போற ஒயரையும் இதுலயே குடுத்துடவான்னு. நீங்க தலையாட்டினீங்களே!"

அவளுக்கு நினைவு வந்தது. அப்போது வாய் நிறைய குண்டூசி. ஊசியைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறபோது யார் என்ன கேட்டாலும் தலையாட்டி அனுப்பிவிடுவது அவள் வழக்கம்.

"சாயங்காலம் அவங்களுக்குத் தனிப் பெட்டி கொண்டாந்து, இந்த ஒயரைக் கழட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

தையலக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. தினமும் மத்தியானம் தூங்கப் போகும்போது பெட்டியை அணைப்பாளே, அப்போதெல்லாம் அங்கேயும் திரை இருண்டிருக்கும். ராத்திரி தொடர் முடிவதற்குள் கொட்டாவி வந்து அணைப்பாளே, அப்போதும்தான். ஆர்டர் போட்டே பழகிடுச்சு என்று சொன்னவள் வீட்டில், சுவர் தாண்டியும் தன் ஆர்டர்தான் நடந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இத்தனை வருஷமாக மிச்சம் இருந்தது அந்த ஒயர் ஒன்றுதான். சாயங்காலம் அதுவும் போய்விடும். அது போகக் கூடாது என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ரிமோட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய் அடுத்த கதவைத் தட்டினாள்.

சின்னவள் திறந்தாள்.

"நான் வேணும்னு பண்ணலடி" என்றாள் தையலக்கா. "பெட்டி ஒண்ணுதானாம். எனக்கு இப்பதான் தெரியும்."

"எனக்கு மூணாம் நாளே தெரியும்" என்றாள் சின்னவள். "முதல்ல டிஜிட்டல்னா அதுவே நல்லதா பாத்து மாத்திக்கும்போலன்னு நெனச்சேன். அப்புறம் உங்க தூக்க நேரத்துக்கெல்லாம் சரியா அணையுது. அக்கா வேலைதான்னு புரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேபிள்காரர்கிட்ட சொல்லல?"

சின்னவள் கதவின் தாழ்ப்பாளை நிமிண்டினாள். "சொன்னா ஒயரைக் கழட்டிடுவாரே."

தையலக்கா ரிமோட்டை நீட்டினாள். "இந்தா. இனிமே நீயே வச்சுக்க. உனக்குப் பிடிச்சதை நீயே மாத்திக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சின்னவள் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சுவரைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினாள். டிவியில் ஒன்றும் மாறவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு பழையபடி கெக்கெக்கென்று சிரித்தாள்.

"பெட்டி உங்க வீட்ல இருக்கு. இது சுவரைத் தாண்டி வேலை செய்யாதேக்கா."

"அப்போ என்னடி பண்றது?"

"என்ன பண்றது, நான்தான் அங்க வரணும்" என்று சொல்லி, சின்னவள் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினாள்.