ஒரே கட்டுக்குள் இரண்டு ஒயர்

பூதலூரில் சும்மா கிடந்த எங்கள் நெல் குடோனில், நானும் என் தங்கையும் மூன்று வருடம் பாடுபட்டு ஒரு சின்ன விமானம் கட்டினோம். இன்ஜின், பழைய கார் ஒன்றின் ரோட்டரி இன்ஜின். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒரு சென்சார். அது பழுதானால் நடுவானில் இன்ஜின் நின்றுவிடும் என்பதால் இரண்டு சென்சார் வைத்தோம்.

ஒயரிங் என் பொறுப்பு. “ரெண்டு ஒயரையும் வேற வேற வழியா விடுண்ணே” என்றாள். பார்க்க நன்றாக இருக்காது என்று நான் இரண்டையும் சேர்த்து நறுவிசாகக் கட்டினேன். வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள்.

முதன்முதலில் பறப்பதற்கு முந்தைய நாள், அவள் ஏறி உட்கார்ந்து தரையிலேயே இன்ஜினை ஓட்டிப் பார்த்தாள். சீராக ஓடிய இன்ஜின் சட்டென்று நின்றது. மூடியைத் திறந்தோம். எலி பாதி கொறித்து வைத்திருந்த ஒரே இடத்தில், இன்ஜின் அதிர்வில் இரண்டு ஒயரும் அறுந்திருந்தன.

“ஒரு கடிதான்ணே தேவைப்பட்டிருக்கு” என்று சிரித்தாள். ஒயரைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒயர்களைப் பிரித்துப் போட்ட பிறகு அவள் பலமுறை பறந்தாள். இப்போது வெளியூரில் இருக்கிறாள். நெல் தூசியும் பெட்ரோலும் கலந்த அந்தக் குடோன் வாசனைக்கு மனம் இன்னும் ஏங்குகிறது. ஆனால் யாராவது என் வேலையை அழகு என்று சொன்னால், எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.