மதாம்மா பார்த்த சுவர்

இரணியலில் ஹில்டா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மதாம்மா என்றால் ரயில் நிலையத்து ஆட்டோக்காரர்கள் வீட்டு வாசலிலேயே கொண்டு இறக்குவார்கள். இங்கிலாந்தில் பிறந்த கலை வரலாற்று ஆய்வாளர். முப்பது வருடமாக எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தார். மீன்காரியிடம் "இது நேத்தத்த மீனாக்கும், எனக்கு வேண்டாம்" என்று அவர் நீட்டி இழுப்பதைக் கேட்டால், இந்த ஊரில் பிறந்தவர் என்றே தோன்றும்.

பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்க்க வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரண்மனைக்கு வரைந்தவர்கள் வேறு, இந்தப் பக்கத்துச் சிறு கோயில்களுக்கு வரைந்தவர்கள் வேறு என்பது அவர் கட்சி. புத்தகமாகவும் எழுதினார். ஆதாரம் எங்கே என்று லண்டனில் சிரித்தார்கள். அவரைப் பேசக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். படித்தவர்கள் சிரித்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள்.

ஆதாரம் கடைசியில் எங்கள் ஊர்க்காரர் ஐயப்பன் என்பவரின் குடும்பக் கோயிலில் கிடைத்தது. பகவதி சன்னதியின் பக்கச் சுவரில், விளக்குப் புகைக்கு அடியில், மதாம்மா தேடிய அதே ஓவியங்கள். ஆனால் உள்ளே புகைப்படம் எடுக்கக்கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். வேறொருவராக இருந்தால் செல்போனில் ரகசியமாக எடுத்திருப்பார். "கும்பிடுற எடத்துல களவு செய்ய மாட்டேன்" என்றார் மதாம்மா. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது.

வருடக்கணக்கில் காத்திருந்தார். போன மாசியில் ஐயப்பன் பகவதியிடம் பூப்போட்டுக் கேட்டு, படம் எடுக்கச் சம்மதித்தார். சிரித்தவர்கள் முன்னாலேயே படம் எடுக்கவேண்டும் என்று மதாம்மா கேமராவைத் தொடாமல் இருந்தார். சுவரை நேரில் பார்த்துத் தீர்மானிக்க லண்டனிலிருந்து இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். மதாம்மா திருவனந்தபுரம் போய், ஒரு வாரம் அங்குள்ள கோயில்களைக் காட்டிவிட்டு அவர்களை அழைத்து வந்தார். நானும் கூடப் போனேன்.

கோயில் வாசலிலேயே பெயின்ட் வாடை. ஐயப்பனும் அவர் மனைவி தாணம்மாளும் புதுத்துணி உடுத்தி நின்றார்கள். உள்ளே சுவர் முழுக்க ரோஸ் முகமும் பச்சைப் புடவையுமாகப் பளபளவென்று தேவிகள்.

"பழசையெல்லாம் சுரண்டிப் போட்டு, அதே எடத்துல புதுசா வரைய வச்சோம் மதாம்மா" என்றார் ஐயப்பன். "சீமையில இருந்து ஆளு வரும்ப, கறுத்துப்போன படத்தையா காட்டுவோம்?"

அவரைக் குறை சொல்லவும் முடியாது. விருந்தாளி வந்தால் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் நாங்கள். சாமி படம் மங்கினால் புதுப்பிக்காமல் விடுவது பாவம். சுவரைத் தொடவேண்டாம் என்று சொல்லவேண்டும் என்பதே மதாம்மாவுக்குத் தோன்றியிருக்கவில்லை. நிபுணர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதாம்மா அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"நல்லா இருக்கா அம்மா?" என்றார் தாணம்மாள்.

"ரொம்ப நல்லா இருக்கு தாணம்மா."

திரும்பும்போது காரில் என் கையைப் பிடித்தார். "அவியகிட்ட ஒண்ணும் சொல்லப்பிடாது, கேட்டியா? பாவம், ஆசையா செஞ்சிருக்காவ."

அதன்பின் அவர் எழுதவில்லை. அரண்மனைப் பக்கமும் போகவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சலில் கிடந்தார், எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு ஐயப்பன் குடும்பம் முழுக்க வந்திருந்தது. தாணம்மாள் என் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினார்.

"எங்க பகவதியப் பாத்து சொவருல கைய வச்சு அழுதாவளே, நீயும் பாத்தியே மக்கா. அந்த பக்தி நமக்கெல்லாம் வருமா?"

"வராது அக்கா" என்றேன்.