சுப்பராயலு கட்டிய நூல்

தறிக்குழியில் கால் இருந்தாலும் சுப்பராயலுவின் புத்தி முழுக்க மேற்கே மலையில்தான். ஆரணியில் அவர் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்றவர்கள் சினிமாக் கொட்டகைக்குப் போவார்கள். இவர் சந்தவாசலுக்கு பஸ் ஏறி ரிசர்வ் காட்டுக்குள் நுழைந்துவிடுவார். கோடாலியோ தீப்பெட்டியோ கொண்டுவராத ஆள் என்பதால் ஃபாரஸ்ட் கார்டு பொன்னுசாமியும் தடுத்ததில்லை. திரும்பும்போது வழி தவறக்கூடாதே என்று, பாதை பிரியும் இடமெல்லாம் கழிவுப் பட்டு நூலைச் செடியில் கட்டிக்கொண்டே போவார். அப்படிப் போய்த்தான் எழுபத்தெட்டாம் வருஷம் மலைக்கு நடுவில் ஓர் ஏரியைக் கண்டார்.

வந்து சொன்னால் தெருவே சிரித்தது. "மலைமேல ஏரியா? வெயில்ல எதையோ பார்த்துட்டு வந்து அளந்துகினு இருக்காரு" என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பெண்சாதி அபிதகுசாம்பாளும் சேர்ந்து சிரித்ததுதான் அவருக்கு ஆறவில்லை.

"நீயே வந்து கண்ணால பாரு. ஏரி இல்லன்னா இனிமே காட்டுப் பக்கமே போவமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

மழைக்காலம் முடிந்து அவளை அழைத்துப் போனார். போனால், செடிக்குச் செடி நூல்! இவர் கட்டியதை யாருடைய வேண்டுதலோ என்று நினைத்து, மாடு மேய்க்க வந்தவர்களெல்லாம் தங்கள் பங்குக்கும் கட்டியிருந்தார்கள். ஒரு கல்லுக்குக் குங்குமம்கூட வைத்தாயிற்று. வெயிலிலும் மழையிலும் எல்லா நூலும் வெளுத்து ஒரே நிறமாகிவிட்டது. சுப்பராயலு இந்தப் பக்கம் ஓடினார், அந்தப் பக்கம் ஓடினார், கடைசியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். பாவம், அழுகையே வந்துவிட்டது.

"இன்னாங்க, புதுசா ஒரு சாமியையே உண்டாக்கி வெச்சிருக்கீங்களே!"

சிரித்துக்கொண்டே அவள் ஒரு நூலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடுத்ததை. சிரிப்பு நின்றுபோனது.

"இது யாரோ சும்மா கட்னது. இது உங்க முடிச்சு. தறியில இழை அறுந்தா போடுவீங்களே, அதேதான்."

எத்தனையோ வருஷமாய் அவர் நெய்த சேலைகளைத் தடவிப் பார்த்து மடித்தவள் அல்லவா! நூலை விரலால் தடவித் தடவி அவளே முன்னால் நடந்தாள். கடைத்தெருவைத் தாண்டி அறியாதவள், முள் கிழித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "ஜல்தியா வாங்க" என்று அவரையே விரட்டினாள்.

மரங்கள் விலகின. ஏரி அங்கேயே இருந்தது.

சுப்பராயலு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நிஜந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று மனசு அடித்துக்கொண்டது. அவளோ எதிர்க்கரையில், மரங்களுக்குள் ஏறிப்போகும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்கங்க போவுது?"

"தெரியாது. நான் போனதில்ல."

அபிதகுசாம்பாள் முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவினாள். கரையோரச் செடியில் அவர் போடும் அதே முடிச்சைப் போட்டுவிட்டு, எதிர்க்கரைப் பக்கம் நடந்தாள்.