தபால் பெட்டியில் இரண்டு பெயர்

இதைக் கேட்டவர்கள் எல்லாரும், "கனவு கண்டிருப்பே" என்றார்கள். நடந்தது மாலை 4:37-க்கு. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. பசித்தால் எனக்குத் தூக்கமே வராது. அப்புறம் எங்கே கனவு?

நான் ஃபக்ரி. துனீசியாவில் ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரன். ஜெர்மனியில், ஹாலே நகரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் 18-ஆம் தேதி என் விசா முடிகிறது. நீட்டித்துக்கொள்ள, விசா அலுவலகம் நாளும் நேரமும் குறித்துக் கடிதம் அனுப்பவேண்டும். வராவிட்டால் படிப்பு பாதியில் நின்றுவிடும், மூட்டை கட்டவேண்டியதுதான். ஊரில் அம்மா என்னை ஏற்கெனவே 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுகிறாள்.

தபால் பெட்டியில் பெயர் இல்லையென்றால் அங்கே தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். அறை எண்ணெல்லாம் அவருக்கு வேண்டாம். நான் குடிவந்தபோது என் பெட்டியில் நீல மையில் 'வாஹான் அகோப்யான்' என்றிருந்தது. முன்பு இருந்தவன் போல. அதை மறைத்து என் பெயர்ச் சீட்டை ஒட்டினேன்.

மறுநாள் சீட்டு தரையில் கிடந்தது. பசை போட்டு ஒட்டினேன். மறுநாளும் தரையில். பதினோரு நாள் இதே கூத்து.

பக்கத்து அறை லெவான், ஜார்ஜியாக்காரன், விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஃபக்ரி பின் ஸ்லிமான் அல்-கர்ராயா? டேய், இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள தபால்காரருக்கு பென்ஷன் வந்துரும்டா!"

"விளையாடாதடா. இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு."

அவன் சிரிப்பு நின்றது.

டிசம்பர் 16. சீட்டைக் கிழிக்கிற ஆளைப் பிடித்தே தீருவது என்று பெட்டிகளுக்கு எதிரே படிக்கட்டில் உட்கார்ந்தேன். 4:37. வெளியே இருட்டிவிட்டது. படிக்கட்டு விளக்கு இரண்டு நிமிடத்தில் தானே அணைகிற வகை.

டக். அணைந்தது.

சர்ர்ர்... காகிதம் கிழிகிற சத்தம்.

பாய்ந்து விளக்கைப் போட்டேன். யாருமில்லை. என் சீட்டு காலடியில். பெட்டியில் அந்த நீலப் பெயர்... தொட்டுப் பார்த்தேன்.

மை ஈரமாக இருந்தது.

டக்.

கீச்... கீச்... பேனா எழுதுகிற சத்தம்.

பெட்டிக்கு உள்ளேயிருந்து.

கால் நகரவில்லை. வாய் மட்டும் வழக்கம்போல நிற்கவில்லை.

"அண்ணே... எனக்கும் வேற வழியில்லண்ணே. உங்க பேரை மறைக்க மாட்டேன். கீழ கொஞ்சம் இடம் குடுங்க..."

சத்தம் நின்றது.

அவன் பெயருக்குக் கீழே என் சீட்டை ஒட்டிவிட்டு ஓடினேன்.

மறுநாள் 11:20. கடிதம் இருந்தது! 18-ஆம் தேதி, காலை 8:30-க்கு வரச் சொல்லி. உறையில் முத்திரை டிசம்பர் 3. இத்தனை நாள் எங்கே இருந்ததோ! ஓரத்தில் ஒரு நீலக் கைரேகை.

விசா கிடைத்த மகிழ்ச்சியில், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரூடிகரிடம் வாஹானைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறியது.

"அந்தப் பெட்டியில அவன் பேரு இருந்ததே இல்லப்பா. ஒட்டணும்னு அவனுக்குத் தெரியல. கடிதம் மூணு தடவை திரும்பிப் போச்சு. தினமும் வந்து காலிப் பெட்டியைத் தொறந்து பாப்பான்."

"அப்புறம்?"

"விசா முடியற அன்னிக்கு, இதே படிக்கட்டுல... உக்காந்தபடியே. நெஞ்சுவலின்னாங்க. ஆறு வருஷம் ஆச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டியில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.

இப்போது நான் வேறு நகரத்தில் வேலை செய்கிறேன். புத்தம்புதுக் கட்டடம். குடிவந்த அன்று பெட்டியில் என் பெயரை மட்டும்தான் ஒட்டினேன். மறுநாள் காலை 7:10-க்குப் பார்த்தால்...

என் பெயருக்கு மேலே, நீல மை. ஈரம்.

நான் அழிக்கவில்லை.

அவனுக்கு இன்னும் கடிதம் வரவில்லையே.